பச்சைன்னா நின்னுடுச்சுன்னு அர்த்தம்

உங்க ஊர்ல கரண்ட் போனா முதல்ல எத பாப்பீங்க? ஃபேன பாப்பீங்க. அப்புறம் பக்கத்து வீட்டுலயும் போயிருக்கான்னு எட்டிப் பாப்பீங்க, அவங்களுக்கும் போயிருந்தா ஒரு அல்ப நிம்மதி. நெய்வேலியில நாங்க யாரும் ஃபேன பாக்க மாட்டோம். வெளிய வந்து சிம்னிய பாப்போம். புகை வருதா, எந்த சிம்னில வருது, எதுல வரல. கரண்ட் செய்யற ஊர்ல கரண்ட் போனா அது வெறும் கரண்ட் போறது இல்ல, அங்க உள்ள நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் உக்காந்திருக்காங்க. இன்னிக்கு கரண்ட் போனப்ப நானும் செருப்பு கூட போடாம வெளிய ஓடினேன். மழையில சிம்னியே தெரியல. எதிர் வரிசை குவார்ட்டர்ஸே பாதி தான் தெரிஞ்சுது. திரும்ப உள்ள வந்து, வாசக்கதவு பக்கத்துல மாட்டியிருக்கற அட்டைய பாத்தேன். முள்ளு சிவப்புல இருந்துச்சு.

அந்த அட்ட ஒண்ணும் பெரிய பொருள் இல்ல. பழைய தினசரி காலண்டரோட பின் அட்டைய வட்டமா வெட்டி, ஒரு பாதிக்கு சிவப்பு ஸ்கெட்ச், ஒரு பாதிக்கு பச்சை ஸ்கெட்ச். சிவப்பு ஸ்கெட்ச் பாதில தீந்துபோனதால ஓரத்துல அம்மாவோட குங்குமத்த எச்சி தொட்டு தேச்சிருக்கும். நடுவுல ஒரு செத்துப்போன சுவர் கடிகாரத்தோட பெரிய முள்ளு, அத பிடிச்சு வெச்சிருக்கறது ஒரு சேஃப்டி பின். அவ்ளோ தான். எழுத்து கிடையாது, நம்பர் கிடையாது, எது எதுக்குன்னு ஒரு வார்த்த கிடையாது. நான் பொழப்புக்கு ஆப் ஸ்கிரீன் டிசைன் பண்றவ. இன்டர்வியூவுக்கு வர்றவன் எவனாவது இந்த மாதிரி ஒண்ண கொண்டு வந்து காட்டினா டீ கூட குடுக்காம அனுப்பிடுவேன். இத செஞ்சது என் அக்கா. அவ அப்ப ஆறாங்கிளாஸ், நான் ரெண்டாங்கிளாஸ்.

சைடுல நான் ஒரு வெட்டி வேலையும் பாக்கறேன். படத்துல வர்ற மிஷினு, பட்டன், மீட்டர், ஸ்கிரீன் இதெல்லாம் எவ்ளோ கேவலமா டிசைன் பண்ணிருக்காங்கன்னு எழுதுவேன், நாலு பேர் படிப்பாங்க, மூணு பேர் சண்டைக்கு வருவாங்க. டிசம்பர் வந்தா எனக்கு சீசன். கிறிஸ்துமஸ் லீவுக்குன்னு தமிழ் டப்பிங்ல போடுவாங்க பாருங்க, பனி, கலைமான், தாத்தா, தொப்பி போட்ட குள்ளமான ஆளுங்க நெறஞ்ச பொம்ம ஃபேக்டரி. பேரு எதுக்கு, எல்லாம் ஒரே படம் தான். அந்த ஃபேக்டரியில கண்டிப்பா ஒரு கண்ட்ரோல் ரூம் இருக்கும். அதுல பூமி உருண்ட மாதிரி ஒரு கண்ணாடி குண்டு, அதுக்குள்ள எந்தக் கொழந்த என்ன பண்ணுதுன்னு லைவா தெரியும். எந்தப் பெத்தவங்க பர்மிஷன் குடுத்தாங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நல்ல கொழந்த, கெட்ட கொழந்தன்னு ஒரே தட்டுல பிரிக்கும், தப்பா பிரிச்சா திருத்தறதுக்கு ஒரு பட்டன் இருக்காது. பெரிய சிவப்பு லிவர் ஒண்ணு, மூடி கிடையாது, பூட்டு கிடையாது, முழங்கை பட்டா ஊரே இருட்டாயிடும். நூறு பேர் வேல செய்வாங்க, ஒருத்தன் கூட மீட்டர பாக்க மாட்டான். எல்லாத்துக்கும் மேல சுவர் முழுக்க ஒரு ராட்சச டயல். உலகத்துல எவ்ளோ சந்தோஷம் இருக்குன்னு காட்டறதாம். லிட்டரா, கிலோவான்னு கிடையாது. பச்சையிலேருந்து முள்ளு சிவப்புக்கு விழுந்தா எல்லாரும் அழுவாங்க, யாராவது ஒரு கொழந்த மனசு மாறினா திரும்ப ஏறிடும்.

இன்னிக்கு காலைல அந்த முள்ளு விழற சீன தான் பாஸ் பண்ணி பாத்துட்டு இருந்தேன். நக்கலா ஒரு வரி டைப் பண்ணேன், "இந்த ஃபேக்டரியில ஷிஃப்டே கிடையாது, யாரும் யாரையும் ரிலீவ் பண்றதில்ல, ஒருத்தனும் வீட்டுக்குப் போறதில்ல". அப்பத்தான் கரண்ட் போச்சு. அப்படி செருப்பு கூட போடாம ஓடினேன். ஏன்னா இதே படம், இதே முள்ளு, இதே மாதிரி கரண்ட் போனது ஏற்கனவே ஒரு தடவ நடந்திருக்கு.

அந்த டிசம்பர்ல அப்பா சர்வீஸ்ல இருந்தாரு. அனல் மின் நிலையத்துல கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். அக்காவும் நானும் லீவு, தரைல பாய் போட்டு டிவி. வெளிய ரெண்டு நாளா காத்து, ரேடியோவுல புயல்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்பா காலை ஷிஃப்டுக்கு டிபன் பாக்ஸ கவர்ல சுத்தி எடுத்துட்டு கம்பெனி பஸ் ஏறிப் போனாரு. படத்துல முள்ளு பச்சையிலேருந்து விழ ஆரம்பிச்சுது, குள்ள ஆளுங்க தொப்பிய கழட்டி அழ ஆரம்பிச்சாங்க, முள்ளு சிவப்ப தொட்டுது, டிவி அணைஞ்சுது. ஃபேன் நின்னுச்சு. அதோட சேத்து இன்னொண்ணும் நின்னுச்சு. எங்க ஊர்ல எப்பவும் தூரத்துல ஊன்னு ஒரு சத்தம் இருக்கும், இருக்கற வரைக்கும் காதுல விழாது. அன்னிக்கு தான் அந்த சத்தத்த முதல் தடவ கேட்டேன், அது இல்லாதப்ப. நான் அலறி அழுதேன். டிவியில சிவப்பு வந்ததால தான் அங்க அப்பாவோட மிஷினு நின்னுடுச்சுன்னு எனக்கு அவ்ளோ நிச்சயம்.

அக்கா என்னை ஒரு தட்டு தட்டினா. "லூசு, எதுக்குடி அழற? சிவப்புக்குத் தானே வந்துச்சு. சிவப்புன்னா ஓடுது."

அவ சும்மா சொல்லல. முன்ன ஒரு தடவ ஃபேமிலியெல்லாம் பிளான்ட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் சுத்திக் காட்டினப்ப, சுவர் நீளத்துக்கு இருந்த பேனல்ல குட்டி குட்டியா சிவப்பு லைட் எரியறத பாத்து இவ பயந்து அப்பா கைய பிடிச்சிருக்கா. அப்பா சிரிச்சுட்டு சொல்லிருக்காரு, "சிவப்பு எரிஞ்சா மிஷினு ஓடிக்கினு இருக்குதுன்னு அர்த்தம். பச்ச எரிஞ்சா நின்னுக்கினு இருக்குது." கரண்ட் செய்யற எடத்துல அப்படித்தான், ஓடற கரண்ட் தான் ஆபத்து, அதனால அதுக்கு சிவப்பு. இவ அத அப்படியே மனசுல ஆணி அடிச்சு வெச்சுக்கிட்டா. கடலூர் போறப்ப ரோட்டு சிக்னல்ல சிவப்புக்கு பஸ் நின்னா, டிரைவருக்கு ஒண்ணும் தெரியலன்னு சீரியஸா என்கிட்ட சொல்லுவா. படத்துல அந்தக் குள்ள ஆளுங்க ஏன் அழறாங்கன்னே அவளுக்குப் புரியல.

மதியம் ஷிஃப்ட் முடியற நேரம் தாண்டியும் பஸ் வரல. ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சு, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, எங்க பிளாக் பூரா மரம் தானே. போன் செத்துப்போச்சு. அம்மா ஜன்னல் கம்பிய பிடிச்சுக்கிட்டே நின்னுச்சு. எதிர் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி, மதுர பக்கம், அவங்க வீட்டுக்காரரும் உள்ள தான், முந்தானைய தலைல போட்டுக்கிட்டு ஓடி வந்தாங்க. "ஒண்ணும் இல்லக்கா. ரிலீவர் வந்திருக்க மாட்டாரு. மாத்து ஆள் வராம சீட்ட விட்டு எந்திரிக்க முடியுமா, அதான்" னாங்க. சொல்லிட்டு அவங்களும் எங்க ஜன்னல்லயே நின்னாங்க. பெரியவங்களுக்கு அது சமாதானம். எனக்கு அதவிட பயங்கரமா ஒண்ணு கேட்டதே இல்ல. ரிலீவர் வரலன்னா அப்பா வர முடியாது. ரோட்டுல மரம் கெடந்தா ரிலீவர் வர மாட்டாரு. அப்ப அப்பா அந்தப் படத்து ஆளுங்க மாதிரி, தொப்பி போட்டுக்கிட்டு, எப்பவும் அங்கயே.

அக்கா எழுந்தா. காலண்டர் அட்டைய பிச்சா, கத்திரி எடுத்தா, ஸ்கெட்ச் எடுத்தா. டயல் செஞ்சு வாசக்கதவு பக்கத்து ஆணியில மாட்டி, முள்ள சிவப்புல வெச்சா. "அப்பா ஓடிக்கினு இருக்காரு" ன்னு என்கிட்ட மட்டும் சொன்னா. கொஞ்சம் மூச்சு வந்துச்சு எனக்கு. ராத்திரி அம்மா மெழுகுவத்திய எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் வந்துச்சு. அட்டைய பாத்துச்சு. சிவப்புல முள்ளு நிக்கறத பாத்ததும் அது மூஞ்சி போன போக்கு இருக்கே. நாங்க தூங்கறோம்னு நெனச்சுக்கிட்டு, மெதுவா முள்ள பச்சைக்கு தள்ளிச்சு. தள்ளிட்டு சாமிய தொட்டு கும்பிடற மாதிரி கண்ணுல ஒத்திக்கிச்சு.

காலைல அக்கா எழுந்து பல்லு கூட வெளக்காம வாசலுக்குப் போனா. முள்ளு பச்சைல. திரும்பி என் பக்கத்துல வந்து உக்காந்தா. அவ ஒதடு வெள்ளையா இருந்துச்சு. "அம்மா அப்பாவ நிறுத்திடுச்சுடி" ன்னா.

நான் பின்னாடி எத்தனையோ பேய்ப் படம் பாத்துட்டேன், அந்த ஒரு வரி குடுத்த பயத்த எவனாலயும் குடுக்க முடியல. அவ போய் முள்ள சிவப்புக்கு மாத்தினா. அம்மா அடுப்படிலேருந்து வந்து பாத்துட்டு, பச்சைக்கு மாத்திச்சு. அம்மா அந்தப் பக்கம் போனதும் இவ சிவப்பு. அம்மா பச்சை. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திட்டல, கேக்கல. கேட்டா வாயால அத சொல்லணும், சொன்னா நடந்துடும்னு ரெண்டு பேருக்கும் பயம். அம்மாவுக்கு இந்தப் பொண்ணு ஏன் அபசகுனமா சிவப்பையே வெக்குதுன்னு. அக்காவுக்கு அம்மா ஏன் திரும்பத் திரும்ப அப்பாவ நிறுத்துதுன்னு. நான் பாய்ல உக்காந்து ரெண்டையும் பாத்துட்டே இருக்கேன், யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. மாத்தி மாத்தி தள்ளினதுல ஓட்ட பெருசாகி, பின்னு ஆடி, கடைசில முள்ளு எதுலயும் நிக்காம செத்த வால் மாதிரி கீழ தொங்கிச்சு. அப்ப ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி நின்னாங்க. ரெண்டு பேருமே தொடல.

அப்பா மரம் வெட்டற லாரியில ஏறி வந்தாரு. மதியம். தலைலேருந்து கால் வரைக்கும் நனைஞ்சு, தாடி மொளச்சு, கைல அந்த டிபன் பாக்ஸ் கவரோட. உள்ள நுழைஞ்சதும் அட்டைய தான் பாத்தாரு. "இன்னா இது, செவப்பும் இல்ல, பச்சயும் இல்ல. நம்மள ட்ரிப் ஆகி நின்னுட்டான்னு முடிவு பண்ணிட்டீங்களா?" ன்னு சிரிச்சாரு. அம்மா தோள்ல கெடந்த துண்டால ஓங்கி ஒண்ணு வெச்சுச்சு. "சிரிக்காதீங்க. சிரிச்சீங்கன்னா தெரியும்." அப்புறம் இன்னொண்ணு வெச்சுது. அவரு அப்பவும் சிரிச்சுக்கிட்டு தான் இருந்தாரு, அக்கா வந்து கேக்கற வரைக்கும். "பச்சைன்னா செத்துட்டாங்களாப்பா?"

அந்த சிரிப்பு நின்னுச்சு. ஈரத்தோட தரைல உக்காந்தாரு. "நிக்கறதுன்னா சாவறதில்லம்மா. ஓடி முடிச்சு நிக்கறது. மிஷினுக்கே அது வேணும், எனக்கு வேணாமா?" ன்னாரு. அப்புறம் சேஃப்டி பின்ன நல்லா வளைச்சு முள்ள இறுக்கினாரு. அன்னிக்கு போட்டது தான் எங்க வீட்டு சட்டம். டூட்டில இருந்தா சிவப்பு, அங்க ஓடிக்கிட்டு இருக்காரு. வீட்டுக்கு வந்துட்டா பச்சை, நின்னாச்சு. அம்மாவுக்கும் அதோட பச்சை கெடைச்சுது, அக்காவுக்கும் அவ சிவப்பு போகல. ஆனா ஒண்ணு மட்டும் ரொம்ப கண்டிப்பா சொன்னாரு, அம்மாவ பாத்து தான் சொன்னாரு. "ஆளு வந்தா தான் பச்ச. வர்றதுக்கு முன்ன யாரும் தள்ளக் கூடாது. மீட்டரு பொய் சொல்றத விட ஆபத்து ஒண்ணும் கெடையாது." அதோட அவரே எழுந்து முள்ள பச்சைல வெச்சாரு. வெச்சுட்டு பாய்ல விழுந்து தூங்கிட்டாரு, நாங்க மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட கை வெச்சு பாத்துட்டே இருந்தோம்.

இப்ப எனக்கு தெரிஞ்ச டிசைன் பாஷையில சொல்லணும்னா, ரெண்டு வகை டயல் இருக்கு. நெஜ டயல்ல உலகம் நடக்கும், முள்ளு பின்னாடி போவும். லீவு படத்து டயல்ல முள்ளு தான் முதலாளி, முள்ளு ஏறினா உலகம் சரியாயிடும். இத வெச்சு ரெண்டு பக்கத்துக்கு நக்கலா எழுதிருக்கேன் நான். படம் எடுத்தவங்களுக்கு மீட்டர்னா என்னன்னே தெரியாதுன்னு எழுதிருக்கேன். தப்பு. அவங்களுக்கு ஜன்னல் கம்பிய பிடிச்சு நிக்கறவங்கள தெரிஞ்சிருக்கு. பேனலுக்கு முன்னாடி உக்காந்திருக்கறவனுக்கு நெஜ மீட்டர் வேணும். வீட்டுல இருக்கறவங்களுக்கு தள்ளினா நகர்ற முள்ளு வேணும். எங்க அம்மா அத யாரும் சொல்லாம கண்டுபிடிச்சுது. ஆனா அதுக்கப்புறம் சட்டத்த மீறல. அப்பா ரிட்டயர் ஆகற வரைக்கும், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும், பஸ் சத்தம் கேட்டு, கேட் சத்தம் கேட்டு, ஆள் உள்ள வந்தப்புறம் தான் பச்சை. அவரு செருப்பு கழட்டறதுக்குள்ள அம்மா முள்ளுக்கிட்ட இருக்கும்.

அப்பா ரிட்டயர் ஆனப்ப அந்த அட்டைய தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனா அக்கா இன்ஜினியரிங் முடிச்சு, பரிச்ச எழுதி, அதே பிளான்ட்ல, அதே மாதிரி பேனலுக்கு முன்னாடி போய் உக்காந்துட்டா. பர்மனென்ட் வேல, அவ பேர்ல குவார்ட்டர்ஸ், நாங்க எல்லாரும், அந்த அட்டையோட, இப்ப அவ வீட்டுல இருக்கோம். காலைல ஷூ போட்டுக்கிட்டே அவளே முள்ள சிவப்புக்கு தள்ளுவா. இன்னிக்கும் தள்ளினா. "காத்து இப்படி அடிக்குதே, லீவு சொல்லேன்டி" ன்னேன். "அப்ப நைட் ஷிஃப்ட்காரன சீட்டுலேருந்து யாரு எழுப்பி வுடுவா, நீயா? நீ போய் கலைமானுக்கு பட்டன் டிசைன் பண்ணு" ன்னுட்டு குடைய விரிச்சா. குடை வாசல்லயே திரும்பிக்கிச்சு. நான் சிரிச்சேன், அவளும் சிரிச்சா, பஸ் வந்துடுச்சு.

இப்ப ஷிஃப்ட் முடிஞ்சு எவ்ளோ நேரமோ ஆவுது. டவர் இல்ல. அவ போனுக்கு லைனே போகல, எதிர் வீட்டுல கேட்டா அவங்களுக்கும் டவர் இல்ல. மெயின் ரோட்டுல மரம் சாஞ்சிருக்குன்னு சைக்கிள்ல போனவரு கத்திட்டு போனாரு. காத்து அந்தப் பக்கத்துலேருந்து தான் அடிக்குது, அந்த ஊன்னு சத்தம் வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டு கேட்டேன், மழ தான் கேக்குது. எதுவும் ஆகிருக்காது. ரிலீவர் வந்திருக்க மாட்டான், அதான். எனக்கு அது நல்லாவே தெரியும். தெரிஞ்சும் வயித்துல அந்த ரெண்டாங்கிளாஸ் பாப்பா உக்காந்து அழுவுது.

அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கம். வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, யாரும் கேக்காத வெங்காயம், ஒரு முறம் நெறய. அப்பா தான் தாங்கல. வாழ்க்க பூரா அந்தப் பக்கம் உக்காந்த மனுஷன், இந்தப் பக்கம் எப்படி காத்திருக்கறதுன்னு அவருக்கு யாரும் கத்துக் குடுக்கல. ரெயின்கோட்ட போடறாரு, கேட் வரைக்கும் போறாரு, வர்றாரு, கழட்டறாரு, திரும்ப போடறாரு. "ரிலீவர் வந்திருக்க மாட்டான்" ன்னு எங்கிட்ட வந்து சொல்றாரு. அம்மா தல நிமிராமலே சொல்லுச்சு, "உக்காருங்க. நீங்க நடந்தா பஸ்ஸு வராது. நாங்க எத்தினி நாள் உக்காந்திருக்கோம்."

லேப்டாப் ஓரத்துல பேட்டரி சிவப்பு ஆயிடுச்சு. இந்த சிவப்புக்கு படத்து அர்த்தம் தான். சார்ஜர் எதுக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சும் அத எடுக்க எழுந்து ஹாலுக்குப் போனேன். அப்பா வாசக்கதவு பக்கத்துல முதுகக் காட்டிக்கிட்டு நின்னாரு. ஒத்த விரல் முள்ளு மேல இருந்துச்சு. மெதுவா, அம்மா அன்னிக்கு தள்ளின அதே மாதிரி மெதுவா, தள்ளினாரு. சர்வீஸ் பூரா ஒரு பொய் ரீடிங் எழுதாத ஆளு.

என்னை பாத்துட்டாரு. "பின்னு லூசா இருக்குது. பாத்துக்கினு இருந்தேன்" னாரு.

உள்ளேருந்து அம்மா குரல், "பாருங்க, பாருங்க. நல்லா பாருங்க." அதுல நக்கல் இல்ல.

முள்ளு பச்சையில நிக்குது. பஸ் இன்னும் வரல.